தாரை வார்க்க ஓர் இடுப்பு

இடுப்பு மூட்டு தேய்ந்தவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தை முதல் மாடியில் வைக்கலாம் என்று யோசித்த புண்ணியவானுக்கு இடுப்பே இருந்திருக்காது. பொந்தியான் பட்டணத்தில் கீழே கோப்பிக் கடை, மேலே நாங்கள். லிஃப்ட் கிடையாது. படியைப் பார்த்ததும் மனசு விட்டுப்போய் கோப்பிக் கடையிலேயே உட்கார்ந்து, ரொட்டி தின்றுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களால் கடைக்காரர் இரண்டாவது கடை திறந்துவிட்டார்.

மேலே இருப்பவர் டாக்டர் சியூ. சின்ன வயதுச் சீனப் பெண். மருந்து, ஊசி எதுவும் இல்லாமல் கையாலேயே மூட்டை இழுத்து, அசைத்து, இறுக்கத்தைத் தளர்த்துகிற வைத்தியம். கைரோபிராக்டிக் என்று பெயர். வாயில் நுழையாதவர்கள் ‘நெட்டி எடுக்கிற டாக்டர்’ என்பார்கள். அவர் தளர்த்திவிட்டது மறுபடி இறுகிப்போகாமல் ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. நானும் நோயாளியாக ஏறி வந்தவள்தான். சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் நின்றே தேய்த்த வலது இடுப்பு. திரும்ப இறங்கச் சோம்பல்பட்டு இங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

ஆகவே, சிலுவாருக்குள் காலை நுழைக்கச் சுவரைப் பிடிக்கிறவர்களே, காரிலிருந்து இறங்கும்போது காலைக் கையால் தூக்கி வெளியே வைக்கிறவர்களே, இது நமக்குள் பேசிக்கொள்கிற பேச்சு. வந்துபோன இடுப்புகள் பல. என்னால் மறக்க முடியாதது மணியம் அண்ணனின் இடது இடுப்புதான்.

எங்கே வலிக்கிறது?

மணியம் அண்ணன் அன்னாசிப் பழம் ஏற்றுகிற லோரி ஓட்டுகிறவர். கிளட்சு மிதித்தே காலம் தள்ளிய இடது கால். மனைவி சரசு அண்ணி பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வர, ஒருவழியாக மேலே வந்து சேர்ந்தார். எங்கே வலி என்று டாக்டர் கேட்டதும் பின்பக்கத்தைக் காட்டினார். அமுக்கிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. அடுத்து முட்டியைக் காட்டினார். அங்கேயும் இல்லை. டாக்டர் மலாயில் கேட்டார், நான் தமிழில் கேட்டேன். அண்ணன் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தைக் கொஞ்சநேரம் ஆராய்ந்துவிட்டு, அதற்கு எங்கே வலிக்குமோ அங்கேதான் தனக்கும் என்றார்.

நமக்குத் தெரியாததா? இடுப்பு மூட்டு தேய்ந்தால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் போய்க் குடியிருக்கும். மகள் வயதுப் பெண்ணிடம் அங்கே விரல் வைத்துக் காட்ட மனிதருக்குக் கூச்சம். முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, தோளில் கூட வலிப்பதாகச் சொல்லிப் பார்த்தார். அண்ணிக்குப் பொறுமை போய்விட்டது.

“டாக்டர், இவரு காட்டுற எடமெல்லாம் நல்ல எடம். காட்டாத எடத்தப் பாருங்க.”

எதற்காக வந்தார்

எக்ஸ்ரே பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வலி போனால் சரி என்று வந்தவர் இல்லை அவர். மகள் கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மணவறையில் அப்பாவும் அம்மாவும் தரையில் உட்கார்ந்து, பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்துத் தாரை வார்க்க வேண்டும். அண்ணனால் கட்டிலில்கூட ஒருபக்கமாகத்தான் உட்கார முடிந்தது. சம்மணம் போட்டால் கால் பாதியில் நின்றுவிடும். அவரால் முடியாவிட்டால் லாபிஸில் இருக்கிற தம்பி ராஜுவும் அவர் மனைவியும் உட்கார்ந்து தாரை வார்க்கட்டும் என்று சொந்தக்காரர்கள் பேசி முடித்துவிட்டார்களாம். பேசி முடித்தவர்கள் இவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டாக்டர் சியூ மழுப்பத் தெரியாதவர். தேய்ந்தது முளைக்காது, ஆனால் வலி குறையலாம், தசை பலப்பட்டால் நடை தேறும், ரொம்ப மோசமானால் அறுவை சிகிச்சைக்குப் பெரிய மருத்துவமனை இருக்கிறது என்றார். சம்மணத்துக்கு மட்டும் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். இந்தக் காலத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறவர்கள் உண்டே, ஐயரே ஒத்துக்கொள்வாரே என்று நான் சமாதானம் சொன்னேன். அண்ணன் என்னை முறைத்தார்.

“நான் பெத்த புள்ளம்மா அது. பாசார்ல கடை போட்டு உக்காந்திருக்கிறவன் மாதிரி நாற்காலியில இருந்து எடுத்துக் குடுக்க மாட்டேன்.”

சத்தம் போதாது

முதல் நாள் வைத்தியத்துக்கு அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தார். எலும்பை முறிக்கிற மாதிரி ‘படக்’ என்று சத்தம் வரும், பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்கும் என்று லோரிக்கார நண்பர்கள் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். டாக்டரோ அவர் கணுக்காலைப் பிடித்து, மெதுவாக, ஒரே சீராக இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார். தேய்ந்த மூட்டைப் போட்டு முறிப்பதில்லை, இப்படித்தான் தளர்த்துவது.

முடிந்தது, எழுந்திருங்கள் என்றதும் அண்ணன் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடியபடி கிடந்தார். இறங்கி நடந்து பார்த்தார். உள்ளே வந்தபோது இருந்ததைவிடக் கால் கொஞ்சம் இலகுவாகத்தான் இருந்தது, அவரே ஒத்துக்கொண்டார். ஆனாலும் ஏமாற்றப்பட்ட முகம்.

“சத்தமே வராம எப்படி டாக்டர் நம்புறது? என் லோரிகூட கியர் விழுந்தா ஒரு சத்தம் குடுக்கும் லா.”

சாமி வந்த கதை

வீட்டில் செய்யச் சொல்லி நான் கொடுத்த பயிற்சிகளில் ஒன்று, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்கி நிறுத்தி, மெதுவாக இறக்குவது. மூச்சை அடக்கக்கூடாது, சத்தமாக வெளியே விடவேண்டும், கால் மேலே இருக்கும்போது பேசக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அண்ணன் சொன்ன சொல் தட்டாதவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைக்குக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெற்று உடம்போடு வாசல் நிலையைப் பிடித்து நின்று ஆரம்பித்தார். பலமில்லாத தசை அல்லவா, கால் கிடுகிடுவென்று ஆடியது. கால் ஆட உடம்பும் ஆடியது. வாயில் ‘ஹூம், ஹூம்’ என்று மூச்சு.

வாங்கின பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு பாக்கியம் அக்கா இதைப் பார்த்தார். பாத்திரம் கையிலிருந்து விழுந்தது. ஓடிப்போய்ச் சூடம் கொண்டுவந்து வாசலில் ஏற்றிவிட்டார். அண்ணன் பேசலாம்தான், ஆனால் கால் மேலே இருந்ததே. கண்ணை உருட்டி, தலையை ஆட்டி வேண்டாம் என்று காட்டினார். அதைப் பார்த்து அக்காவுக்குப் பக்தி கூடிவிட்டது.

“சாமி, எம்மவனுக்குப் பொண்ணு எப்ப அமையும்னு மட்டும் சொல்லிட்டு மலையேறு.”

கழுவிக் கொண்டு வரவும்

இந்தக் குணம் நம் எல்லாருக்கும் உண்டு, ஒளிக்க வேண்டாம். டாக்டரிடம் போவோம், போகிற வழியில் இன்னும் நாலு பேரிடமும் போவோம். அண்ணன் ஒரு நாள் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில் நீவிவிடுகிற பெரியவரிடம் எண்ணெய் போட்டுக்கொண்டு, அதன் மேலேயே சீனர் மருந்துக் கடைத் தைலத்தைத் தடவிக்கொண்டு, வாசனை போதாது என்று அண்ணி வைத்திருந்த நல்லெண்ணெயையும் பூசிக்கொண்டு வந்து சேர்ந்தார். படியேறும்போதே கோப்பிக் கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தார்.

டாக்டர் கணுக்காலைப் பிடித்து இழுத்தார். கை மட்டும் வந்தது, கால் வரவில்லை. துணி சுற்றி இழுத்தார். துணி வந்தது. மூன்றாவது முறை இழுத்தபோது டாக்டரே சக்கரம் வைத்த முக்காலியோடு பின்னால் உருண்டுபோய் எலும்புக்கூட்டுப் படத்தில் முட்டி நின்றார். நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய். டாக்டர் மட்டும் சிரிக்காமல், கையைத் துடைத்துக்கொண்டே மலாயில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்.

“அங்கிள், இந்தக் காலை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவிட்டு, நாளைக்குக் கொண்டு வாங்க.”

லாபிஸிலிருந்து ஒரு சம்மணம்

நாள் போகப் போக அண்ணன் தேறித்தான் வந்தார். படியில் கைப்பிடியை விட்டு ஏறினார். லோரியில் ஏற அண்ணி தள்ள வேண்டியதில்லை. தூக்கத்தில் புரள்கிறபோது கத்துவதும் குறைந்ததாம். சம்மணம் மட்டும் வரவில்லை. இடது முட்டி தரையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

அந்தச் சமயம் பார்த்துத் தம்பி ராஜு வந்தார். லாபிஸில் சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர் மரம் வைத்து, இன்னமும் குனிந்து நிமிர்ந்து பால் வெட்டுகிற ஆள். எங்கள் படியைத் தாவித் தாவி ஏறினார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. வந்தவர் பயிற்சிப் பாயைப் பார்த்ததும் கை ஊன்றாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கை ஊன்றாமல் எழுந்தார். மறுபடி உட்கார்ந்து, இரண்டு முட்டியையும் தட்டிக் காட்டினார். நாற்காலிகளில் காத்திருந்த இடுப்புக்காரர்கள் அத்தனை பேரும் மனசுக்குள் அவரைச் சபித்தது எனக்குக் கேட்டது. அண்ணன் அன்றைக்கு வெறியோடு பயிற்சி செய்துவிட்டு, மறுநாள் லோரியில் ஏற முடியாமல் வீட்டில் கிடந்தார். எனக்கு ராஜு மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அவர் கெட்ட மனுஷர் இல்லை என்பதுதான் இன்னும் எரிச்சல். போகும்போது அண்ணன் தோளைத் தட்டி, நல்ல மனசோடுதான் சொன்னார்.

“எதுக்குண்ணே இவ்ளோ கஷ்டப்படுற? நான் உக்காந்துட்டுப் போறேன். சும்மா இருக்கிற இடுப்புதானே.”

ஒத்திகை

கல்யாணம் நெருங்கியதும் எங்கள் இடத்திலேயே ஓர் ஒத்திகை வைத்தோம். மாப்பிள்ளை நான். ஐயர், டாக்டர் சியூ. அவருக்குத் தமிழில் தெரிந்தது பயிற்சிக்கு எண்ணுகிற எண்கள் மட்டும்தான் என்பதால் மந்திரத்துக்குப் பதிலாக ஒன்று இரண்டு சொன்னார். முதலில் அண்ணியின் பிடிவாதத்துக்காக அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்தோம். அண்ணி கீழே பாயில். தாரை வார்க்கும் செம்பை அண்ணி அண்ணாந்து தூக்கி ஊற்ற, தண்ணீர் அண்ணனின் கையில் விழுந்து, முழங்கை வழியாக ஓடி, மடியில் குளம் கட்டியது. கவிதாவின் கைக்கு ஒரு சொட்டு வரவில்லை. டாக்டர் விடாமல் பத்து வரை சொல்லி முடித்தார்.

பிறகு டாக்டர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். பயிற்சியில் ஏறி இறங்குவதற்கு வைத்திருக்கிற தாழ்ந்த பலகையைக் கொண்டுவந்து கண்ணாடிச் சுவருக்கு முன்னால் போட்டார். வலது காலை மடக்கி, இடது காலை முன்னால் நீட்டி, உடம்பைச் சற்றே பின்னால் சாய்த்து உட்காரச் சொன்னார். அண்ணன் உட்கார்ந்தார். முகம் சுளித்தது, அவ்வளவுதான். தாங்கக்கூடிய வலிதான். அண்ணியின் செம்பும் இப்போது எட்டியது. அதற்கப்புறம் வந்த நாளெல்லாம் அதே பலகை, அதே சுவர். சம்மணம் வரவில்லையே என்று அவர் புலம்பினபோது கவிதா பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“கால விடுங்கப்பா. என் கைய மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்குங்க, எனக்கு அது போதும்.”

மணவறை

கோயில் மண்டபத்துக்கு நானும் டாக்டரும் போனோம். டாக்டர் சேலை கட்டியிருந்தார், நடக்கத் தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். எங்கள் பலகைக்குப் பட்டுத் துணி சுற்றி, பூச்சரம் கட்டி, பார்த்தால் அடையாளமே தெரியவில்லை. ஐயர் கூப்பிட்டதும் அண்ணன் யார் கையையும் பிடிக்காமல் மேடை ஏறினார். பலகையில் உட்கார்ந்தார். இடது காலை நீட்டினார்.

அப்போதுதான் எங்கள் தப்பு எனக்குத் தெரிந்தது. நாங்கள் இவ்வளவு நாளும் சுவரைப் பார்த்தே பழகியிருந்தோம். சுவருக்கு மரியாதை தேவையில்லை. இங்கேயோ நீட்டிய கால் ஒருபக்கம் ஓமத் தீயையும் மறுபக்கம் மாப்பிள்ளையின் நெஞ்சையும் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கினிக்கு நேராகக் காலை நீட்டிக்கொண்டு யாராவது பெண்ணைக் கொடுப்பார்களா? ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, காலை மடக்கச் சொன்னார். அண்ணன் கையால் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. மாப்பிள்ளை வீட்டு வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. மணவறைக்குப் பக்கத்தில் ராஜு பட்டு வேட்டியில் நின்றுகொண்டிருந்தார். அவர் மனைவி ஒரு எட்டு முன்னால் வந்தே விட்டார். அண்ணன் பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நான் டாக்டரின் சேலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ராஜு மேடை ஏறினார். அண்ணனின் தோளை அழுத்தி மறுபடி உட்கார வைத்தார். தீக்கும் அந்தக் காலுக்கும் நடுவில், வழக்கம்போலக் கை ஊன்றாமல், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அண்ணனின் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்து, தோளில் கிடந்த பட்டுத் துண்டை எடுத்து மூடினார். பிறகு ஐயரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஐயர் கொஞ்சம் யோசித்தார், யோசித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து மந்திரத்தை ஆரம்பித்தார். அண்ணி தண்ணீர் வார்க்க, அண்ணன் மகளின் கையை மாப்பிள்ளை கையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார். ஐயர் முடித்துவிட்டார், மேளம் ஓய்ந்துவிட்டது, அண்ணன் ஓயவில்லை. அவர் அழுதுமுடிக்கும் வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்த ராஜு கடைசியில் அண்ணன் காதுப் பக்கம் குனிந்தார். ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

“அண்ணே, மிச்சத்த வீட்டுல போயி அழுவு. எனக்குக் காலு மரத்துப் போச்சு.”

கைவைத்தியமும் பயிற்சியும் உங்கள் காலை எவ்வளவு தூரம் மடக்கும் என்று டாக்டரிடம் கேளுங்கள், மடங்காத மிச்சத்துக்கு ஒரு மடியை நீங்களே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.